உப்பிய பேட்டரி

ஆம்பூர்
11-6-2024

மாப்பிள்ளை நவீன்குமார் அவர்களுக்கு,

சம்பூர்ணம் எழுதுகிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமை என் வாசலில் நின்றபோது பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறீர்கள். இரண்டு கையும் முழுசாக இருந்தது.

கதவைச் சாத்தியது நான்தான். உள்ளே படுத்திருந்த சௌமியா யார் என்று கேட்டாள். கீரைக்காரர் என்று சொன்னேன். பேத்தி பூர்ணிமா ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்க வந்தாள், அவளையும் இழுத்துக்கொண்டு போய்விட்டேன். உங்கள் மோட்டார் சைக்கிள் சத்தம் தெருமுனை தாண்டும்வரை காத்திருந்தேன்.

அஞ்சாம் கிளாஸ்வரை படித்தவள் நான். எழுத்து கோணலாக இருந்தால் கோணலாகவே படித்துக்கொள்ளுங்கள், விஷயத்தில் கோணல் இல்லை. போனில் ஏன் பேசவில்லை என்று உங்கள் சிநேகிதர் முனீர் அகமதுவிடம் கேட்டீர்களாம். போனில் பேசினால் நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லை என்பீர்கள். காகிதம் அப்படி மாறாது.

நடந்ததை எழுதுகிறேன். ஜூன் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினொன்றேகால். நீங்கள் உங்கள் தெர்மாகோல் ஏரோப்ளேனைத் தூக்கிக்கொண்டு பாலாற்று மணலுக்குப் போய்விட்டீர்கள். நாற்பது வயசு ஆம்பிளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஏரோப்ளேன். நான் உங்கள் வீட்டு அடுப்படியில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். முன்னறையில் செருப்பு ஸ்டாண்டு மேலே நீங்கள் வைத்துவிட்டுப் போன ஏரோப்ளேன் பேட்டரி ஒன்று தானாகவே பற்றிக்கொண்டது. சோப்புக்கட்டி அளவு சாமான், அரை ஆள் உயரத்துக்குத் தீயைக் கக்கியது. கதவுக்குப் பின்னால் நீங்கள் மாட்டியிருந்த, தீ அணைக்கிற சிவப்பு சிலிண்டரை எடுத்து நான்தான் அடித்தேன். அணைந்த மாதிரி இருந்தது. துணி துவைத்துக்கொண்டிருந்த சௌமியா ஓடி வந்து, அணைந்ததுதானே என்று சாக்கில் சுருட்டி வெளியே எறியப் போனாள். அவள் கையிலேயே திரும்பவும் பிடித்தது. பக்கத்து வீட்டு ஜான் பாஷா கட்டட வேலை மணலைக் கூடையில் அள்ளிக்கொண்டு வந்து கொட்டியிராவிட்டால் வீடு இருந்திருக்காது.

அந்தப் பேட்டரிகளை வீட்டை விட்டு எடுத்துவிடுகிறேன் என்று போன பொங்கலுக்கு அவள் தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினீர்கள். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தீர்கள் அப்போது. பண்ணிய சத்தியத்துக்கு இதுதான் பலன். அவள் இனி அந்த வீட்டுக்கு வரமாட்டாள். உங்கள் நம்பரை போனில் அடைத்து வைத்ததும் அவளேதான், நான் சொல்லிக்கொடுத்து இல்லை.

அவசரத்தில் அங்கே விட்டுவிட்டு வந்த என் சாமான்களை முனீர் அகமதுவிடம் கொடுத்து அனுப்பவும். ரவிக்கை இரண்டு, ஒன்று நீலம், ஒன்று காவி. கண்ணாடிக் கூடு. வெற்றிலைப் பெட்டி. பாதி தீர்ந்த தலைவலித் தைலம். எவர்சில்வர் டம்ளர், அடியில் என் பெயர் வெட்டியிருக்கும். அதற்குப் பதில் வேறு டம்ளரை அனுப்ப வேண்டாம்.

சம்பூர்ணம்


வேலூர்
16-6-2024

அத்தைக்கு,

சாமான்களை முனீர் அகமதுவிடம் கொடுத்துவிட்டேன். டம்ளர் உங்களுடையதுதான், திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் தப்பை முதலில் எழுதுகிறேன். போன மாதமே அந்தப் பேட்டரி உப்பிவிட்டது. லித்தியம் பேட்டரி பழசானால் உள்ளே வாயு சேர்ந்து தலையணை மாதிரி வீங்கும். அப்படி வீங்கியதை அன்றைக்கே வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் மணல் வாளியில் போட்டு, பிறகு முறையாகக் கழிக்க வேண்டும். மொட்டை மாடியில் வாளி வைத்திருந்தேன். ஆற்றுக்குக் கிளம்பும் அவசரத்தில், திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று செருப்பு ஸ்டாண்டில் வைத்துவிட்டேன். பொங்கலில் பண்ணிய சத்தியத்தையும் காப்பாற்றவில்லை. இரண்டையும் நான் மறுக்கவில்லை.

ஆனால் அது சார்ஜில் இல்லை. சார்ஜர் என் பையில், ஆற்று மணலில் இருந்தது. முனீர் பக்கத்தில்தான் இருந்தான், அவனைக் கேட்டுப்பாருங்கள். நான் சார்ஜில் போட்டுவிட்டு ஊர்சுற்றப் போய்விட்டேன் என்று சௌமியா நம்புகிறாள். அதனால்தான் என் முகத்தைப் பார்க்க மறுக்கிறாள். சும்மா வைத்த பேட்டரி அப்படிச் சட்டென்று எரிவது அபூர்வம். சூடு படவேண்டும், இல்லை நசுங்கவேண்டும், இல்லை ஏதாவது குத்தவேண்டும்.

பூர்ணிமா தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாள், அன்றைக்கு வீட்டில் இருந்தது நீங்கள் இரண்டு பேர். அவள் பின்னால் கல்லில் துவைத்துக்கொண்டிருந்தாள். உங்களைத் தவிர வேறு சாட்சி இல்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அது சார்ஜில் இல்லை என்பதை மட்டும் அவளிடம் சொல்லுங்கள். என்னை நல்லவன் என்று சொல்லவேண்டாம்.

பூர்ணிமாவுக்குப் பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிறது. மிஸ் இரண்டு தடவை போன் செய்துவிட்டார்.

நவீன்குமார்


ஆம்பூர்
21-6-2024

மாப்பிள்ளைக்கு,

டம்ளர் வந்தது. என்னுடையதுதான்.

என்னைச் சாட்சி என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல படித்தவர் பேச்சு. சாட்சி என்று ஆரம்பித்து குற்றவாளி என்று முடிப்பீர்கள். உங்கள் வீட்டாரின் பேச்சு எனக்குப் புதிதில்லை. 2016ஆம் வருஷம் பிப்ரவரி பதினாலு, ஞாயிற்றுக்கிழமை, பெண் பார்க்க வந்த அன்று நெமிலியிலிருந்து வந்த உங்கள் பெரியம்மா என் வாசப்படியில் நின்று முந்தானையால் மூக்கைப் பொத்தினார். "இன்னாமா, இந்தத் தோல் நாத்தத்துல எப்படி சோறு இறங்குது?" என்று கேட்டார். அந்தத் தோல் நாற்றத்தில்தான் என் பெண் எம்.காம். படித்தாள். பெரியம்மாவுக்கு அன்றைக்கு மூன்று தடவை கேசரி வைத்தேன். மூன்றும் இறங்கியது. அப்போது நீங்கள் பக்கத்திலேயேதான் இருந்தீர்கள். செல்போனில் ஏரோப்ளேன் படம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

என் வீட்டுக்காரர் காரியத்துக்கு, பதினாறாம் நாள், பத்து மணிக்கு வரவேண்டியவர் பத்து நாற்பதுக்கு வந்தீர்கள். பேண்ட் மடிப்பில் ஆற்று மணல் இருந்தது. நான் பார்த்தேன். பந்தியில் யாருக்கும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சரி, சாட்சிதானே கேட்டீர்கள், சொல்கிறேன். அந்த சிவப்பு சிலிண்டரைப் பற்றிச் சொல்கிறேன்.

நீங்கள் ஷூ கம்பெனியில் பாதுகாப்பு சூப்பர்வைசர். நான் ஷூ கம்பெனியில் இருபத்தேழு வருஷம் டேபிளில் நின்றவள். வருஷத்துக்கு ஒரு தடவை எங்களை வெயிலில் நிற்க வைத்து, பின்னைப் பிடுங்கு, தீயின் அடியைப் பார்த்துப் பீச்சு என்று சொல்லிக்கொடுப்பார்கள். எனக்கு மறக்கவில்லை. பின்னைப் பிடுங்கினேன். அடியைப் பார்த்துத்தான் பீச்சினேன். உங்கள் சிலிண்டரிலிருந்து என்ன வந்தது தெரியுமா? குழந்தைக்குப் போடும் பவுடர் டப்பாவைத் தட்டினால் வருமே, அவ்வளவு. ஒரு தும்மல். அதோடு நின்றுபோனது.

ஜான் பாஷா மணல் கொட்டி முடித்ததும், ஆட்டோ வருவதற்குள், அந்தச் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்தேன். மேலே புதுச் சீட்டு, 2025 வரைக்கும் நல்லது என்று. நகத்தால் சுரண்டினேன். அடியில் பழைய சீட்டு, 2017. வெளிநாட்டுக்காரர் ஆடிட் வருகிறார் என்றால் கம்பெனியில் எல்லாச் சிலிண்டருக்கும் ஒரே நாளில் புதுச் சீட்டு வருவதை நானும்தான் பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது மட்டும் மாறாது. அந்த வேலையை உங்கள் சொந்த வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் செய்தீர்களா?

அந்தச் சீட்டு இரண்டும் என் சுருக்குப் பையில் பத்திரமாக இருக்கிறது. உங்கள் ஆபீஸ் அட்ரஸ் எனக்குத் தெரியும்.

சௌமியாவுக்கு நேற்று கட்டுப் பிரித்தார்கள். கட்டைவிரல் மடங்குகிறது. மற்ற நாலும் மடங்கவில்லை. டாக்டரம்மா பந்து கொடுத்து அமுக்கச் சொல்லியிருக்கிறார்.

சம்பூர்ணம்


வேலூர்
28-6-2024

அத்தைக்கு,

நீங்கள் சீட்டை அனுப்ப வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை நானே மேனேஜரிடம் சொல்லிவிட்டேன்.

அந்தச் சிலிண்டர் கம்பெனிக் காயலான் குவியலில் கிடந்தது. வீட்டுக்கு ஒன்று இருக்கட்டும் என்று எடுத்து வந்தேன். அழுத்தம் காட்டும் மீட்டரின் முள் பச்சையில் இல்லாமல் சிவப்பில் நிற்பதைப் பார்த்தேன். அடுத்த வாரம் நிரப்பிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மேஜை டிராயரில் ஆடிட் சீட்டு மீதி இருந்தது, ஒட்டினேன். ஏன் ஒட்டினேன் என்று இத்தனை நாள் யோசித்தேன். பழக்கம். சிவப்பு டப்பாவைக் கண்டால் கை சீட்டை எடுக்கிறது, வேறு காரணம் இல்லை. கம்பெனியில் இன்னும் பதினெட்டு சிலிண்டர் அப்படி இருப்பதாக எழுதிக்கொடுத்தேன். எல்லாவற்றையும் இறக்கி நிரப்ப அனுப்பிவிட்டார்கள். என்னையும் வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அது நிறைந்த சிலிண்டராக இருந்திருந்தாலும் இந்தப் பேட்டரிக்குப் போதாது. பவுடர் மேலே தெரியும் சுவாலையை அமுக்கும், உள்ளே இருக்கும் சூட்டைக் குறைக்காது. அதனால்தான் திரும்பப் பற்றியது. நிறையத் தண்ணீர் விட்டுக் குளிரவைக்க வேண்டும், இல்லையென்றால் மணலில் புதைத்துவிட்டு எல்லாரும் வெளியே போய்விட வேண்டும். அந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. இது எனக்குத் தெரியும். உங்களுக்கும் சௌமியாவுக்கும் நான் ஒருநாளும் சொல்லவில்லை. அணைந்த மாதிரி இருந்தாலும் தொடாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் விரல் மடங்கும்.

இனி உங்கள் பக்கம்.

உங்கள் சாமான் பட்டியலைப் பல தடவை படித்தேன். பாதி தீர்ந்த தைலம்வரை எழுதியிருந்தீர்கள். எதையும் மறக்காத நீங்கள் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. உங்கள் குத்தூசி. கம்பெனியிலிருந்து நின்றபோதும் கொடுக்காமல் கொண்டுவந்தது, பித்தளைப் பூண் போட்டது. பூர்ணிமா தொட்டால்கூட அடிக்கப் போவீர்கள். ஐந்து வருஷமாக அது உங்கள் சுருக்குப் பையை விட்டு நீங்கி நான் பார்த்ததில்லை.

அது என்னிடம் இருக்கிறது. ஜான் பாஷா கொட்டிய மணலை வாரும்போது கிடைத்தது. மரப்பிடி கரிந்துபோய்விட்டது. ஊசி பேட்டரிக்கு உள்ளே இரண்டு அங்குலம் இறங்கி, அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஜூன் மூன்றாம் தேதி முதலே எனக்குத் தெரியும். நீங்களாகச் சொல்வீர்களா என்று பார்த்தேன். நீங்கள் புளி கரைத்துக்கொண்டே இருக்கிறீர்கள்.

சௌமியாவிடம் இதை நான் சொல்லப்போவதில்லை. அவளுக்கு என் வீடு இல்லை என்று ஆகிவிட்டது. உங்கள் வீடும் இல்லை என்று ஆனால் அந்தக் கையோடு எங்கே போவாள்? இது உங்களுக்காக இல்லை. நீங்கள் நிம்மதியாக இருங்கள்.

நவீன்குமார்


ஆம்பூர்
6-7-2024

மாப்பிள்ளைக்கு,

நிம்மதியாக இருக்கச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். என்னை இதுவரைக்கும் யாரும் இவ்வளவு கேவலமாகத் திட்டியதில்லை. உங்கள் பெரியம்மாகூட.

ஆமாம், குத்தினேன். எப்படி என்று தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் டேபிளில் ஷூவின் மேல்தோலுக்கு அடியில் சொலூஷன் தடவி லைனிங் துணி ஒட்டுவோம். அவசரத்தில் ஒட்டினால் நடுவில் காற்று மாட்டிக்கொண்டு கொப்புளம் மாதிரி உப்பும். சூப்பர்வைசர் கண்ணில் பட்டால் அந்த ஜோடி ரிஜெக்ட். அதனால் பட்டும் படாமலும் ஓரத்தில் ஊசியால் ஒரு குத்து. காற்று உஸ்ஸென்று போகும். சுத்தியால் இரண்டு தட்டு. படிந்துவிடும். ஒரு நாளைக்கு இருபது, முப்பது. இருபத்தேழு வருஷம். உப்பியதைக் கண்டால் என் கை யோசிக்காது. சீட்டைப் பற்றி நீங்கள் எழுதினீர்களே, அந்த மாதிரி.

முந்தின நாள் சாப்பிடும்போது நீங்கள் சௌமியாவிடம், பேட்டரி உப்பிப் போய்விட்டது, இனி உதவாது, புதுசு வாங்கவேண்டும் என்று சொன்னீர்கள். முகம் தொங்கிப்போய் இருந்தது. இரண்டாவது தடவை சோறு வாங்கவில்லை. மறுநாள் செருப்பு ஸ்டாண்டில் அதைப் பார்த்தேன். நம் கொப்புளம்தானே என்று நினைத்தேன். ஓரத்தில் குத்தினேன். உஸ்ஸென்றுதான் போனது. நகப்பூச்சு மாதிரி ஒரு வாசனை வந்தது. அடுத்து கண்ணுக்கு முன்னால் தீ.

இந்த எட்டு வருஷத்தில் உங்களுக்கு நல்லது செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அந்த ஒரே ஒரு தடவைதான். இனி தோன்றாது.

ஏன் மறைத்தேன் என்று கேட்பீர்கள். ஆஸ்பத்திரியில் அவள் முதலில் கேட்டது, "அவரு சார்ஜ்ல போட்டுட்டுப் போய்ட்டாரா?" என்றுதான். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. பேசாமல் தலையைத் தடவினேன். அது ஆமாம் ஆகிவிட்டது. பிறகு ஒவ்வொரு நாளும் நீளமாகிக்கொண்டே போனது. அவள் என் வீட்டில் இருந்தாள். என் கையால் சாப்பிட்டாள். பூர்ணிமா என் பக்கத்தில் படுத்தாள். அதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

இப்போது நீங்கள் என் ஊசியை டிராயரில் வைத்துக்கொண்டு, பெருந்தன்மையாக வாயை மூடிக்கொண்டு, நான் சாகும்வரை என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பார்வை பார்ப்பீர்கள். உங்கள் தயவில் மாமியாராக இருக்க என்னால் முடியாது.

வியாழக்கிழமை காலை அவள் குழாயடியில் பந்தை அமுக்கிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். சார்ஜில் இல்லை என்பதையும். சிலிண்டரையும் சேர்த்துத்தான் சொன்னேன், உங்களை விட்டுவிடவில்லை. அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு மாசமா இந்தக் கைக்குப் பதிலா நீதானேமா எனக்குச் சோறு ஊட்டினே" என்றாள். அவ்வளவுதான். பத்தரை பஸ்ஸுக்குக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பையை இடது கையில் தூக்கினாள். நான் தூக்குகிறேன் என்று சொன்னதற்குத் திரும்பிப் பார்க்கவில்லை.

வந்து சேர்ந்தாளா என்று கேட்கவில்லை. சேர்ந்திருப்பாள்.

உங்கள் சீட்டு இரண்டையும் இதோடு வைத்திருக்கிறேன். என்னிடம் உங்கள் சாமான் எதுவும் இல்லை. என் ஊசியை அனுப்பிவிடுங்கள். கரிந்திருந்தாலும் பரவாயில்லை, அது என்னுடையது. மன்னிப்புக் கேட்டு இந்தக் கடிதம் எழுதவில்லை. கேட்க வேண்டியது அவளிடம், அதை அவளிடமே கேட்டுக்கொள்கிறேன்.

சம்பூர்ணம்


வேலூர்
12-7-2024

அத்தைக்கு,

இரண்டு பேரும் வந்து சேர்ந்தார்கள். பூர்ணிமா பள்ளிக்கூடம் போகிறாள்.

சௌமியா என்னிடமும் சரியாகப் பேசுவதில்லை. முதல் நாள் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். பேட்டரி ஒன்றுகூட இல்லை, எல்லாவற்றையும் முனீர் எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஏரோப்ளேன் பரணில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

ஊசியைப் பார்சல் கட்டி வைத்திருந்தேன். அவள் பிரித்துவிட்டாள். கொடுக்கமாட்டாளாம். வேண்டுமென்றால் அம்மாவே வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்கிறாள். உங்களைக் கூப்பிடுவது அவள்தான், நான் இல்லை. கீரைக்காரர் என்று நீங்கள் சொன்னதை இப்போது அவளும் பூர்ணிமா சொல்லித் தெரிந்துகொண்டாள். நான் கதவைச் சாத்தமாட்டேன், அதற்குமேல் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கதவுக்குப் பின்னால் புதுச் சிலிண்டர் மாட்டியிருக்கிறேன். வாசலில் மணல் வாளியும் தண்ணீர் டிரம்மும் வைத்திருக்கிறேன்.

நவீன்குமார்


ஆம்பூர்
17-7-2024

மாப்பிள்ளைக்கு,

சனிக்கிழமை பத்தரை பஸ்ஸுக்கு வருகிறேன். ஸ்டாண்டுக்கு யாரும் வரவேண்டாம், ஷேர் ஆட்டோவுக்கு வழி தெரியும். டம்ளரைக் கையோடு கொண்டுவருகிறேன், தண்ணீர் வேண்டுமென்றால் அதில் குடித்துக்கொள்வேன். ராத்தங்கமாட்டேன்.

அவள் கொடுத்தால் ஊசியை வாங்கிக்கொள்வேன். கொடுக்காவிட்டால் உட்கார்ந்திருப்பேன், மூன்று மணி பஸ் வரைக்கும்.

வந்ததும் முதல் வேலையாகக் கதவுக்குப் பின்னால் பார்ப்பேன். முள் பச்சையில் நிற்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பேன். சீட்டைப் படிக்கமாட்டேன்.

சம்பூர்ணம்